இரண்டு உயிரிகளை எடு: நிரல் எழுதிப் பல்லுயிரியம் கற்பது

இரண்டு புல்வெளிகள். முதலாவதில் மாணவர்கள் 20 சிற்றுயிர்களை எண்ணிக் குறித்தார்கள்: எறும்பு 4, வண்டு 4, சிலந்தி 4, வெட்டுக்கிளி 4, கொசு 4. இரண்டாவதிலும் மொத்தம் 20 தான். ஆனால் எறும்பு மட்டும் 16, மற்ற நான்கும் தலைக்கு ஒன்று. பல்லுயிரியம் எங்கே அதிகம்?

வகைகளை மட்டும் எண்ணினால் இரண்டுக்கும் விடை ஐந்து. இரண்டாம் புல்வெளியில் சற்று நேரம் குனிந்து பார்த்தவருக்கு அந்த விடை மனதில் ஒட்டாது. அங்கே எங்கு பார்த்தாலும் எறும்பு. மற்றவை தேடினால்தான் அகப்படும். கண் சொல்வதை எண்ணும் சொல்ல வேண்டுமென்றால் எப்படி எண்ணுவது? இந்தக் கேள்வியை அப்படியே மாணவர்கள் கையில் கொடுத்துவிடலாம். விடை தேட அவர்களுக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு வரிக் கணினி நிரல்.

பல்லுயிரியம் என்ற சொல்லுக்குப் பரப்பு பெரிது. 1992இல் ரியோ டி ஜெனீரோவில் நாடுகள் கையெழுத்திடத் தொடங்கிய உயிரியல் பன்மய உடன்படிக்கை அதை மூன்று படிகளில் பார்க்கிறது: ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் வேறுபாடு, சிற்றினங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, சூழல் மண்டலங்களின் வேறுபாடு. தொடக்க நிலை மாணவர்கள் கையால் எண்ணக்கூடியது நடுப்படிதான். இக்கட்டுரை அதோடு நிற்கிறது.

இதற்கு நிரல் எதற்கு? சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மாணவர்கள் எண்களை இட்டு விடை கண்டுவிடுவார்கள். அந்த விடை எதைச் சொல்கிறது என்ற கேள்வி எழாமலே பாடம் முடிந்துவிடும். கணினிக்கு எதுவும் தெரியாது. எதை ஒரே வகை என்பது, எடுத்த உயிரியைத் திருப்பி வைப்பதா, எதுவும் கிடைக்காத இடத்தை எப்படிக் குறிப்பது என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தர வேண்டும். களத்தில் வேலை செய்யும் சூழலியலாளர் நாள்தோறும் முடிவெடுக்கும் கேள்விகளும் இவைதாம்.

பத்து முதல் பதின்மூன்று வயதினருக்கு, கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் போதும். அதற்கு மேல், கட்டளைகளை வரிகளாகத் தட்டச்சு செய்யும் பைதான் மொழி. இரண்டும் இலவசம். கீழே வரும் நிரல்களைத் தமிழ் வரிகளாகவே எழுதியிருக்கிறோம்; ஒவ்வொரு வரியும் ஸ்க்ராட்ச்சில் ஓரிரு கட்டங்களாகவும் பைதானில் ஓரிரு வரிகளாகவும் மாறும்.

சட்டத்தை எங்கே வைப்பது?

முதல் நிரலின் வேலை எண்ணுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள ஒரு சதுர நிலத்தைக் கயிற்றால் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிப் போகும் ஒரு பக்கத்திலும் வடக்கு நோக்கிப் போகும் ஒரு பக்கத்திலும் மீட்டருக்கு ஒரு முளை அடித்து 0 முதல் 9 வரை எண் இடுங்கள். எண்ணுவதற்கு 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் வேண்டும். நான்கு குச்சிகளைக் கட்டினால் ஆயிற்று.

10 முறை திரும்பச் செய்:
 கிழக்கு = 0 முதல் 9 வரை ஒரு சமவாய்ப்பு எண்
 வடக்கு = 0 முதல் 9 வரை ஒரு சமவாய்ப்பு எண்
 கிழக்கு, வடக்கு இரண்டையும் அச்சிடு

சமவாய்ப்பு எண் என்றால் பகடை உருட்டியது போல, எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்புள்ள எண். ரேண்டம் எண் என்று சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை வீசினால் போதாதா என்று ஒரு மாணவராவது கேட்பார். போதாது. வீசுபவரின் கை பூவும் பசுமையும் இருக்கும் பக்கமாகவே போகும். முள்ளும் சேறும் உள்ள மூலைக்கு யாரும் வீசமாட்டார்கள். அந்த மூலையில் வேறு உயிர்கள் இருக்கும். பதிவில் அவை வரவே வராது.

மேலே உள்ள நிரலிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 100 கட்டங்களிலிருந்து 10 முறை எடுக்கும்போது ஏதாவது ஒரு கட்டம் இரண்டாம் முறை வருவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. மூன்று குழுக்களில் ஒன்றுக்காவது இது நேரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி வந்தால் ஒரே எறும்புக் கூட்டத்தை இரண்டு முறை எண்ணிவிடுவோம். இதை முன்கூட்டியே சொல்லிவிடாமல், அச்சான பத்து வரிகளை மாணவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கண்டுபிடித்ததும் திருத்தம் தானாக வரும்: எடுத்த கட்டங்களை ஒரு பட்டியலில் சேர், புதிய கட்டம் அதில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி எடு.

களத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஐந்து நிமிடம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. வெட்டுக்கிளி சட்டம் தரையைத் தொடும் அசைவிலேயே தாவிவிடும். ஆகவே நெருங்கும்போதே தாவுபவற்றையும் பறப்பவற்றையும் எண்ணிவிட்டு, ஊர்ந்து திரிபவற்றைப் பிறகு எண்ண வேண்டும். எதுவும் கிடைக்காத சட்டத்துக்கு 0 என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையா, பார்க்கவே இல்லையா என்பது மறுநாள் யாருக்கும் தெரியாது.

கொசு ஒன்றா இரண்டா?

எண்ணியதைக் கணினிக்குள் கொண்டுபோகும்போது ஒரு உயிரிக்கு ஒரு பதிவு என்று பட்டியல் போடுங்கள். இரண்டாம் புல்வெளிக்கு எறும்பு என்ற பெயர் 16 தடவை இடம்பெறும். ‘எறும்பு, 16’ என்று ஒரே வரியில் சுருக்கலாமே என்று தோன்றும். சுருக்க வேண்டாம். அடுத்து வரும் நிரல் இந்த நீளமான பட்டியலை நம்பித்தான் நிற்கிறது. தட்டச்சுச் சலிப்பு இருந்தால், 16 முறை சுழன்று ‘எறும்பு’ சேர்க்கும் ஒரு சிறு சுழற்சியை எழுதச் சொல்லுங்கள்.

எறும்பு என்பது ஒரு சிற்றினம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலகில் அறிவியல் பெயர் பெற்ற எறும்புச் சிற்றினங்களே 12,000க்கு மேல். மாணவர்களால் அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க இயலாது. பிரிக்கத் தேவையும் இல்லை. ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்: பிரிக்கும் நுணுக்கம் எல்லா உயிரிக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எறும்பைச் சிறிய கறுப்பு, பெரிய சிவப்பு என்று பிரித்தால் சிலந்தியையும் அதே கண்ணோடு பிரிக்க வேண்டும். பிடித்தமான உயிரியை மட்டும் நுணுகிப் பார்த்தால், எண்ணிக்கையில் காணும் வேறுபாடு நிலத்தைப் பற்றிப் பேசாது, நம் ஆர்வத்தைப் பற்றித்தான் பேசும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு படம் எடுத்து எண்ணிட்டு வைத்துக்கொண்டால் குழுவுக்குள் சண்டை வராது.

அடுத்து, பட்டியலில் எத்தனை வகை என்று நிரலைக் கேளுங்கள்.

பார்த்தவை = வெற்றுப் பட்டியல்
பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும்:
 அது பார்த்தவையில் இல்லை என்றால் சேர்
பார்த்தவையை முழுதாக அச்சிடு
அதன் நீளத்தை அச்சிடு

ஐந்து வர வேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ வரும். ‘எறும்பு’ என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். கணினிக்கு அது வேறு பெயர். இதை எளிதில் பிடித்துவிடலாம். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பார்த்தவை பட்டியலில் ‘கொசு’ இரண்டு முறை வந்து நிற்கும். இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், இடைவெளியும் இருக்காது.

காரணம் ஒருங்குறியில், அதாவது எழுத்துகளுக்குக் கணினியில் எண் இடும் முறையில், இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்தோடு சேரும் குறியை இரண்டு வழிகளில் பதியலாம். ஒகரக் குறிக்கென்று தனியாக ஓர் இடம் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பதியலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். இரண்டு பெயர்களின் நீளத்தையும் அச்சிடச் சொல்லுங்கள்: ஒரு ‘கொசு’வுக்கு 4, மற்றதற்கு 5. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு அங்கே எண்ணாக வந்து நிற்கும். கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டியிருந்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. அந்த வகைப் பிழையைக் கணினி தானாகத் திருத்தாது. பெயரை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

பைதானில் ஒருங்குறி வடிவத்தைச் சீராக்கும் கருவி உள்ளிணைப்பாகவே வருகிறது. எல்லாப் பெயரையும் அதன் வழியே அனுப்பினால் இரண்டு கொசுவும் ஒன்றாகிவிடும். ஸ்க்ராட்ச்சில் அப்படிச் செய்ய எளிய வழி கிடையாது. அங்கே பெயர்களைத் தட்டச்சு செய்யாமல் 1 எறும்பு, 2 வண்டு என்று எண்களை இடுவது நல்லது. எந்த மொழியில் எழுதினாலும் ஒரு பழக்கத்தை விடக்கூடாது: கணக்குக்குப் போகுமுன் வகைப் பட்டியலை முழுதாக அச்சிட்டு ஒரு முறை கண்ணால் படித்துவிட வேண்டும். உலகளாவிய பெரிய தரவுத்தளங்களிலும் ஒரே சிற்றினம் இரண்டு எழுத்துக்கோவைகளில் பதிவாகி இரண்டாக எண்ணப்படும் தொல்லை உண்டு. கொசுவில் இதைக் கண்டுபிடித்த மாணவர் அந்தத் தொல்லையை வேரோடு புரிந்துகொண்டவர்.

இரண்டை எடு, ஒப்பிடு

இப்போது மையக் கேள்வி. புல்வெளியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உயிரிகளை எடுத்தால், அவை வெவ்வேறு வகையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? எங்கும் ஒரே எறும்பாக இருக்கும் இடத்தில் இரண்டும் எறும்பாகவே வரும். எல்லாம் கலந்திருக்கும் இடத்தில் பெரும்பாலும் வேறு வேறாக வரும். கண் சொன்னது இதைத்தான்.

கணினிக்கு முன்பு கையால் செய்து பார்க்கட்டும். 20 சீட்டுகளில் இரண்டாம் புல்வெளியின் பெயர்களை எழுதி ஒரு பையில் போட்டு, இரண்டை எடுத்து, ஒப்பிட்டு, திருப்பிப் போட்டுக் குலுக்கி, பத்து முறை. ஒரு குழுவுக்கு 2 வரும், அடுத்த குழுவுக்கு 5 வரும். யாருடையது சரி என்ற வாக்குவாதம் எழும்போது நிரலைக் கொண்டுவாருங்கள்.

வேறுபட்டவை = 0
1000 முறை திரும்பச் செய்:
 இடம்1 = 1 முதல் 20 வரை ஒரு சமவாய்ப்பு எண்
 இடம்2 = 1 முதல் 20 வரை ஒரு சமவாய்ப்பு எண்
 இடம்2, இடம்1 இரண்டும் ஒன்றாக இருந்தால், வேறாகும்வரை இடம்2ஐ மறுபடி எடு
 பட்டியலில் அந்த இரண்டு இடங்களிலும் உள்ள பெயர்கள் வேறு என்றால்:
  வேறுபட்டவை = வேறுபட்டவை + 1
வேறுபட்டவை ÷ 1000 என்பதை அச்சிடு

முதல் புல்வெளிக்கு 0.84 அருகிலும் இரண்டாவதற்கு 0.37 அருகிலும் விடை வரும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சற்று மாறும். இரண்டாம் புல்வெளிக்கு 1000 முயற்சியில் 338 முதல் 398 வரை வருவது இயல்பு. அதற்கு வெளியே திரும்பத் திரும்ப விழுந்தால் நிரலில் ஏதோ பிழை. பிழைகள் பெரும்பாலும் நான்குதான். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விடையிலேயே விட்டுச்செல்லும் என்பதால் ஆசிரியர் நிரலைப் படிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

இரண்டு புல்வெளிக்கும் சரியாக 1 வருகிறதா? அந்த மாணவர் 20 உயிரிகளின் பட்டியலை விட்டுவிட்டு ஐந்து வகைகளின் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார். எறும்பு பதினாறா ஒன்றா என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிட்டது. முதல் புல்வெளிக்கு 0.80, இரண்டாவதற்கு 0.35 என்றால், இடம்2ஐ மறுபடி எடுக்கும் வரி விட்டுப்போயிற்று. உயிரியை அதனோடே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஓட்ட ஓட்ட விடை கூடிக்கொண்டே போய் ஒன்றையும் தாண்டுகிறது என்றால் தொடக்கத்தில் 0 வைக்கவில்லை. ஸ்க்ராட்ச்சில் ‘வேறுபட்டவை’ போன்ற மாறிகளும் பட்டியலும் முந்தைய ஓட்டத்தின் மதிப்பை அப்படியே வைத்துக்கொள்ளும். நிரலைத் தொடங்கும் பச்சைக்கொடிக்குக் கீழே முதல் வேலையாக அவற்றைத் துடைக்க வேண்டும். நான்காவது பைதானுக்கே உரியது. அங்கே பட்டியலின் முதல் இடம் 0. கடைசி இடம் 19. ஒன்றிலிருந்து இருபது என்று எடுத்தால் முதல் உயிரிக்கு வாய்ப்பே வராது, 20 விழும்போது நிரல் நின்றுவிடும். பத்து முறை ஓடும் சிறிய சோதனையில் சில நேரம் தப்பித்தும் விடும் என்பதால் மாணவர் குழம்பிப்போவார்.

சூத்திரத்துக்கு வருவோம்

ஆயிரம் முறை எடுத்துப் பார்த்தவருக்குச் சூத்திரம் ஒரு சுருக்குவழியாகத் தெரியும். இரண்டாம் புல்வெளியில் முதல் உயிரியை 20 விதமாக எடுக்கலாம், அடுத்ததை 19 விதமாக, மொத்தம் 380. இரண்டும் எறும்பாக வரும் வழிகள் 16 × 15 = 240. மற்ற வகைகளில் ஒவ்வொன்றே இருப்பதால் அவை தம்மோடு இணைசேர முடியாது. ஆக ஒரே வகையாக வர 240 ÷ 380 = 0.632. வேறு வகையாக வர 1 − 0.632 = 0.368. முதல் புல்வெளியில் ஒவ்வொரு வகைக்கும் 4 × 3 = 12 வழிகள், ஐந்துக்கும் 60; 1 − 60 ÷ 380 = 0.842.

இந்த அளவை 1949இல் முன்வைத்தவர் எட்வர்ட் சிம்ப்சன். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் எதிரிகளின் மறைசெய்திகளை உடைக்கும் வேலையில் இருந்த புள்ளியியலாளர் அவர். சிம்ப்சன் குறியெண் என்று தேடினால் மூன்று வேறு எண்கள் அதே பெயரில் கிடைக்கும்: ஒரே வகையாக வரும் வாய்ப்பு, அதை ஒன்றிலிருந்து கழித்தது, அதன் தலைகீழ். முதலாவதில் எண் கூடினால் பன்மை குறைவு. மற்ற இரண்டிலும் எண் கூடினால் பன்மையும் கூடும். எந்த வடிவம் என்று எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் ஒப்பிடுவது ஆபத்து.

தலைகீழ் வடிவம் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு வகையின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஒன்றை அதால் வகுக்க வேண்டும். முதல் புல்வெளியில் பங்கு ஒவ்வொன்றும் 0.2; வர்க்கங்களின் கூட்டல் 0.2, விடை 5. இரண்டாவதில் 0.8இன் வர்க்கம் 0.64, 0.05இன் வர்க்கம் நான்கு சேர்ந்து 0.01; கூட்டல் 0.65, விடை 1.54. பெயரளவில் ஐந்து வகை இருந்தும் அந்தப் புல்வெளி ஒன்றரை வகை மட்டுமே உள்ளதுபோல நடந்துகொள்கிறது. குனிந்து பார்த்தவரின் கண் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

கணக்கை நிரலாக்கும்போது எந்தத் தரவு கொடுத்தாலும் பன்மை சரியாக 1 என்று வந்தால், முழு எண் வகுத்தல் நடந்திருக்கிறது. 240ஐ 380ஆல் வகுத்துப் பின்னத்தை வெட்டியெறிந்தால் மிஞ்சுவது 0. பைதானில் ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு போட்டால் இப்படி ஆகும்.

ஷானன் குறியெண் என்றொரு அளவும் புழக்கத்தில் உண்டு. அதற்கு மடக்கை வேண்டும்; எண்ணிக்கை 0 உள்ள வகை வந்தால் நிரல் முறிந்துவிடும். இரண்டை எடுத்து ஒப்பிடுவது போன்ற கைப்பிடி அதில் இல்லாததால் தொடக்கநிலைக்கு அதை ஒதுக்கிவைக்கலாம்.

எவ்வளவு பார்த்தால் போதும்?

பட்டியலைக் குலுக்கி, ஒவ்வொரு உயிரியாக எடுத்துக்கொண்டே, இதுவரை எத்தனை வகை பார்த்தோம் என்று எழுதிக்கொண்டு வந்தால் ஓர் ஏறுகோடு கிடைக்கும். ஒரு குலுக்கலை நம்ப முடியாது; 100 முறை குலுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு குலுக்கலுக்கு முன்பும் பார்த்தவை பட்டியலைத் துடைக்க மறந்தால் இரண்டாம் குலுக்கலிலிருந்து கோடு ஐந்திலேயே படுத்துக்கிடக்கும்.

சரியாக எழுதிய நிரலில் முதல் புல்வெளியில் 5 உயிரிகளைப் பார்த்ததும் சராசரியாக 3.6 வகை, 10 பார்த்ததும் 4.8 வகை தெரிந்துவிடும். இரண்டாவதில் 5 பார்த்ததும் 2 வகை, 10 பார்த்ததும் 3 வகை. பாதி உழைப்போடு நிறுத்திய குழு அங்கே இரண்டு வகைகளைக் காணாமலே ‘இல்லை’ என்று எழுதிவிடும். ஒரு குழு 10 சட்டமும் இன்னொரு குழு 4 சட்டமும் எண்ணிவிட்டு வகை எண்ணிக்கையை ஒப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒப்பிட வேண்டுமானால் பெரிய பட்டியலிலிருந்து சிறியதன் அளவுக்கு உயிரிகளைச் சமவாய்ப்பில் எடுத்துக்கொண்டு ஒப்பிடலாம்.

இருபதையும் பார்த்த பிறகும் இன்னும் பார்க்காதவை எத்தனை இருக்கும்? புள்ளியியலாளர் ஆன் சாவோ 1984இல் ஒரு வழி காட்டினார். ஒரே ஒரு முறை மட்டும் கண்ட வகைகள் நிறைய இருந்தால், ஒரு முறைகூடக் காணாதவையும் நிறைய இருக்கும் என்பது அதன் அடிப்படை. ஒற்றையாகக் கண்ட வகைகளின் எண்ணிக்கையை, அதைவிட ஒன்று குறைவான எண்ணால் பெருக்கி, இரட்டையாகக் கண்டவற்றோடு ஒன்று கூட்டியதன் இருமடங்கால் வகுத்து, கண்ட வகைகளோடு சேர்க்க வேண்டும். இரண்டாம் புல்வெளியில் ஒற்றை 4, இரட்டை 0: 4 × 3 ÷ 2 = 6; 5 + 6 = 11. முதலாவதில் ஒற்றையே இல்லாததால் 5 ஐந்தாகவே நிற்கும். சில நூல்களில் இருக்கும் எளிய வடிவம் ஒற்றையின் வர்க்கத்தை இரட்டையின் இருமடங்கால் வகுக்கும். இரட்டை 0 என்றால் அது முறிந்துபோகும். அதனால் இங்கே சொன்ன வடிவமே வகுப்புக்கு ஏற்றது. இருபது உயிரிகளை வைத்துக்கொண்டு 11 என்பதை உறுதியான விடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பிப்போய் இன்னும் தேட வேண்டும் என்ற அறிகுறியாக அது போதும்.

களத்துக்குப் போக இயலாத வகுப்புகள் பொதுத் தரவுகளை நாடும். உலகெங்கும் இருந்து உயிரினப் பதிவுகளைத் தொகுக்கும், 2001இல் தொடங்கிய ஜி.பி.ஐ.எஃப். தளத்தில் 200 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் பறவைகளுக்கானது. 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் எல்லா உயிர்களுக்கும். அவற்றை நேராகச் சிம்ப்சன் நிரலுக்குள் கொட்டாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் பொதுவாக ஒரு பதிவு என்றால் ஒருவர் ஓர் உயிரியைக் கண்டார் என்பதே பொருள். பக்கத்தில் எத்தனை இருந்தன என்பது தெரியாது. அழகான பட்டாம்பூச்சிக்கு ஆயிரம் பதிவும் காலடி எறும்புக்குப் பத்துப் பதிவும் இருக்கும். வகைகளின் பட்டியலைத் தொகுக்கவும், இரண்டு இடங்களுக்குப் பொதுவான வகைகளைத் தேடவும் அவை நன்கு உதவும். பொதுவானவற்றின் எண்ணிக்கையை இரண்டிலும் சேர்ந்த மொத்த வகைகளால் வகுத்தால் பால் ஜக்கார் 1901இல் தந்த ஒப்புமை அளவு கிடைக்கும். தலா ஐந்து வகை, பொதுவானவை இரண்டு என்றால் 2 ÷ 8 = 0.25. சிம்ப்சன் எண்ணுக்கு வகையின் பெயர் தெரியாது. ஊடுருவிய அயல் வகை ஒன்று வந்தாலும் அந்த எண் ஏறிவிடும். அந்தக் குறையை ஒப்புமை அளவு ஓரளவு நிரப்பும்.

தனித்துவிடப்பட்ட நிலம்

இதுவரை எழுதிய நிரல்கள் இருப்பதை அளந்தன. பன்மை எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டவும் நாலு வரி போதும். இந்த முறை 20 உயிரிகளும் 20 வெவ்வேறு வகை. 1 முதல் 20 வரை எண்களே பெயர்.

சுற்று = 0
ஒரே வகை மட்டும் மிஞ்சும்வரை திரும்பச் செய்:
 சமவாய்ப்பில் ஓர் உயிரியைப் பட்டியலிலிருந்து நீக்கு
 மீதமுள்ள 19இல் ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்து அதன் பெயரைச் சேர்
 சுற்று = சுற்று + 1
சுற்றை அச்சிடு

ஓர் உயிரி இறக்கிறது, இன்னொன்று ஈன்று அந்த இடத்தை நிரப்புகிறது. யாரும் யாரையும்விட வலுவில்லை, நோய் இல்லை, வேட்டை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசியில் ஒரே வகைதான் மிஞ்சும். எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று மிஞ்சும் என்பது உறுதி. கடைசி ஓர் உயிரி இறந்த வகை திரும்பி வர இந்த நிரலில் வழியே இல்லை. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்கும் வகுப்பு அமைதியாகிவிடும்.

சராசரியாக எத்தனை சுற்று ஆகும்? கணக்குப்படி 19 × 19 = 361. தனித்தனி ஓட்டங்கள் 150க்கும் 800க்கும் இடையில் தாறுமாறாக அலையும் என்பதால் 100 ஓட்டங்களின் சராசரியைப் பார்த்தால்தான் 361ஐ நெருங்கும். உயிரிகளை 40 ஆக்கினால் சராசரி 39 × 39 = 1521. நிலத்தின் கொள்ளளவு இரட்டித்தால் வகைகள் தாங்கும் காலம் நான்கு மடங்குக்கு மேல் நீள்கிறது. காட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் மொத்தப் பரப்பு மாறாமல் இருந்தும் துண்டுகளுக்குள் வகைகள் ஏன் வேகமாகக் கரைகின்றன என்பதற்கு ஒரு காரணத்தை மாணவர்கள் தங்கள் நிரலிலேயே காண்கிறார்கள்.

அடுத்து வெளியிலிருந்து ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். முதல் புல்வெளியின் ஐந்து வகைகளோடு தொடங்கி, பத்துச் சுற்றுக்கு ஒரு முறை என்ற வாய்ப்பில், காலியான இடத்துக்கு உள்ளூர் உயிரிக்குப் பதிலாக வெளிப்பட்டியலிலிருந்து ஓர் உயிரி வரட்டும். ‘ஒரே வகை மிஞ்சும்வரை’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு 10,000 சுற்று ஓட்டி, 100 சுற்றுக்கு ஒரு முறை சிம்ப்சன் எண்ணை (இரண்டும் வேறு வகையாக வரும் வாய்ப்பை) குறித்துச் சராசரி பாருங்கள். 0.54க்கு அருகில் நிலைகொள்ளும். வழியைக் குறுக்கி நூறு சுற்றுக்கு ஒன்று ஆக்கினால் 0.13. ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் 1967இல் தீவுகளின் உயிரினங்களைப் பற்றி விரித்துச் சொன்ன கருத்தின் ஒரு பாதி இங்கே தெரிகிறது: ஓரிடத்தின் பன்மையை, அங்கே மறைபவையும் வெளியிலிருந்து வருபவையும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன.

வழியைத் திறந்த பிறகும் எண் 0 ஆகவே இறங்கிப் படுத்துவிட்டால், வரவு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வெளிப்பட்டியலும் உள்பட்டியலும் ஒரே பட்டியலாக இருக்கும். பைதானில் ‘வெளி = உள்’ என்று எழுதினால் படி எடுக்கப்படுவதில்லை; ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்ததாகத்தான் ஆகும். உள்ளே மறைந்த வகை வெளியிலும் அந்த நொடியே மறைந்துவிடும். வெளிப்பட்டியலைத் தனியாக, ஐந்து பெயர்களையும் கையால் இட்டு உருவாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.